ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

எமது சிறு வியாபாரிகளில் அநேகரின் கையில் இன்று இருப்பது பதினைந்து, இருபது வருடம் பழைய வாகனம்தான். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஒன்றின் விலை இருநூறு ரூபா மட்டத்திலிருந்து முந்நூற்று அறுபது வரை இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஏறிய போது உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் பாவனை வாகனங்களின் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. என்றாலும் வரிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் போது புதிய வாகனத்தை நினைத்தும் பார்க்க முடியாதவர்களே அதிகம். எனவே இருக்கின்ற வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வது இன்று வியாபாரத்தின் ஒரு பகுதியாகி விட்டது.

நான் கண்டி வீதியில் உதிரிப்பாகம் விற்பவன். எங்கள் ஊரைத் தாண்டிப் போனால் கடுகண்ணாவ ஏற்றம் வரும். கொழும்பிலிருந்து ஒழுங்காக ஓடி வருகின்ற வாகனம் அந்த ஏற்றத்தில்தான் தன் குறையைக் காட்டும். ஆகவே எனது கடைக்கு வரும் முறைப்பாடுகளில் ‘தண்ணி குறையுது’ என்பதே முதலிடம் பிடிக்கின்றது. வருபவர் அதற்கான காரணத்தையும் தானே தீர்மானித்துக்கொண்டுதான் வருவார்.

“நானா, கொரொல்லாவுக்கு ரேடியேட்டர் ஒண்டு வேணும்.”

“ரேடியேட்டர் ஒழுகுதா?”

“தண்ணி குறையுது. அப்ப ரேடியேட்டர்தானே?”

கேட்டதைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வது எனக்கு இலகுவான வேலை. ஆனால் ஒரு கிழமை கழிந்து அவர் திரும்பி வருவார், ‘இன்னும் குறையுது’ என்று. அப்போது அவரிடம் பணமும் இருக்காது, என்மீது நல்லெண்ணமும் இருக்காது. ஆகவே இந்த வாரம் தண்ணீர் எங்கே போகின்றது என்பதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி எழுதலாம் என எண்ணினேன். மெக்கானிக் வேலை கற்பிப்பது எனது நோக்கமல்ல. கராஜுக்குப் போகும் முன் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், பாஸிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொன்னால் போதுமானது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டும். ‘பழைய வண்டிதானே, கொஞ்சம் தண்ணி குடிக்கும்’ என்று பலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. எஞ்சினின் குளிரூட்டும் தொகுதி மூடப்பட்ட ஒன்றாகும். வோட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்ற வைக்கின்றது, எஞ்சினின் சூட்டை அது எடுத்து வருகின்றது, ரேடியேட்டரில் காற்றுப் பட்டு ஆறுகின்றது, மீண்டும் எஞ்சினுக்குள் போகின்றது. சூட்டில் விரிந்த தண்ணீர் ரிசர்வ் போத்தலுக்குப் போய், ஆறியதும் திரும்பி வருகின்றது. வாகனத்தின் வயது எதுவாக இருந்தாலும் மாதக் கணக்கில் இந்த மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறையக் கூடாது. வாரத்துக்கு அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கின்றது என்றால் அந்த அரை லீற்றர் எங்கோ ஒரு வழியால் வெளியேறுகின்றது என்பது நிச்சயம்.

தினமும் காலையில் ஒரு போத்தல் ஊற்றிக்கொண்டு ஓட்டுவதில் இன்னொரு கெடுதியும் உண்டு. ஊற்றுவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். கூலன்டில் சூட்டைக் கடத்தும் திரவத்தோடு துருவைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கின்றது. ஒவ்வொரு போத்தல் தண்ணீரும் அந்த மருந்தின் பலத்தைக் குறைக்கும். புத்தளம், மன்னார் போன்ற சுண்ணக்கல் பிரதேசங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கேத்தலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஒரு சின்ன ஒழுக்குக்காக ஊற்றிய தண்ணீர் இரண்டு வருடத்தில் இன்னும் நாலு ஒழுக்குகளை உண்டாக்கி விடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கடைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, தண்ணீர் மட்டத்தை எங்கே பார்த்தீர்கள் என்பது. பலர் ரிசர்வ் போத்தலை மட்டும் பார்ப்பார்கள். போத்தல் நிறைந்திருக்க ரேடியேட்டர் வெறுமையாக இருக்கும் வாகனங்கள் உண்டு. எஞ்சின் முழுமையாக ஆறிய பின்னர், அதாவது காலையில் ஸ்டார்ட் செய்ய முன்னர், ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்க்க வேண்டும். சூடாக இருக்கும் போது ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் நெஞ்சிலும் பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது, எப்போது குறைகின்றது என்பது. இரவில் நிறுத்தி வைத்தாலே காலையில் நிலம் நனைந்திருக்கின்றதா? ஓடினால் மட்டும் குறைகின்றதா? சமதரையில் ஓடும் போது குறையாமல் ஏற்றம் ஏறும் நாட்களில் மட்டும் குறைகின்றதா? இந்த மூன்றுக்கும் பதில் வெவ்வேறு இடங்களைக் காட்டும். ஆறியிருக்கும் போது மட்டும் சொட்டுவது பெரும்பாலும் ஹோஸ் கிளிப் தளர்ந்ததால் வருவது. சூட்டில் ரப்பரும் இரும்பும் விரிந்து அடைத்துக்கொள்ளும், ஆறியதும் சுருங்கி இடைவெளி விடும். ஏற்றத்தில் மட்டும் குறைவது அழுத்தம் கூடும் போது திறக்கின்ற ஒரு வழியைக் குறிக்கின்றது.

நிலத்தில் ஈரத்தைக் கண்டதும் பதறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி போட்டு ஓடிய வாகனத்தின் முன்பக்கம், இடது ஆசனத்தின் கீழ்ப்புறமாகச் சொட்டுவது அநேகமாக ஏசித் தண்ணீர். எமது நாட்டின் ஈரக் காற்றில் அது தாராளமாகவே சொட்டும். ஒரு வெள்ளைக் கடதாசியை அல்லது மட்டையைக் கீழே போட்டு வையுங்கள். நிறமும் மணமும் இல்லாது பச்சைத் தண்ணீராக இருந்தால் ஏசி. பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து, விரலில் தொட்டால் வழுக்கி, இனிப்பு மணம் வந்தால் அது கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலன்டில் உள்ள எதிலீன் கிளைகோல் நஞ்சாகும். இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் குடித்துச் சாவதுண்டு, சிறு பிள்ளைகளுக்கும் ஆபத்தானது. நிலத்தில் சிந்தியதை உடனே கழுவி விடுவது நல்லது. ஆனால் ஒன்று, பல வருடமாகப் பச்சைத் தண்ணீரையே ஊற்றி ஓடிய வாகனத்தில் இந்த நிறச் சோதனை பயன் தராது. அங்கே துருவின் செம்மண் நிறத்தைத்தான் தேட வேண்டும்.

மூடி என்ற சின்னச் சாமான்

தண்ணீர் குறையும் வாகனத்தில் ஏனைய அனைத்தையும் சந்தேகிப்பவர்கள் ரேடியேட்டர் மூடியைச் சந்தேகிப்பதில்லை. அது வெறும் மூடியல்ல, ஒரு வால்வு. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரை அது தண்ணீரை அடைத்து வைத்திருக்க வேண்டும். அழுத்தம் இருந்தால் தண்ணீர் தாமதித்தே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடியின் கீழ் சுமார் 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்து விட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகின்றது.

மலைநாட்டில் இதன் தாக்கம் இன்னும் அதிகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே திறந்த தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்து விடும். கொழும்பில் மாதக் கணக்கில் ஒரு குறையும் காட்டாத வாகனம் ரம்பொடை ஏற்றத்தில் ஆவி விடுவதற்குப் பழுதான மூடி ஒன்றே போதும். அந்நேரம் தண்ணீர் ரிசர்வ் போத்தல் வழியாகப் பொங்கி வெளியே கொட்டும். பார்ப்பவருக்கு அது லீக் போலத் தெரியும். உண்மையில் அது ஒழுகியது அல்ல, கொதித்துத் தள்ளியது. ரேடியேட்டர் விசிறி சுற்றாவிட்டாலும் இப்படித்தான் நடக்கும்.

மூடியில் இன்னொரு சிறிய வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும் போது போத்தலுக்குப் போன தண்ணீரைத் திரும்ப இழுப்பது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால், அல்லது போத்தலுக்குப் போகும் சிறு குழாயில் வெடிப்பு இருந்தால், போத்தல் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்துகொண்டே போகும். ரேடியேட்டர் மேல் ஹோஸ் ஆறிய பின் உள்ளே சப்பிப்போய்க் கிடந்தாலும் இந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும். மூடி வாங்கும் போது பழைய மூடியில் இருந்த இலக்கமே புதியதிலும் இருக்கின்றதா எனப் பாருங்கள். ‘கூடின நம்பர் நல்லது’ என்று 0.9க்குப் பதிலாக 1.1 போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்கள் உள்ளனர். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் பழைய ஹோஸ்களும் அந்த மேலதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

நிலத்தில் சொட்டாத லீக்

ஹோஸ், கிளிப், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு, அடியில் உள்ள வடிகால் திருகு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் இடங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்த கூலன்டின் வெள்ளை அல்லது பச்சைப் படிவு காட்டிக் கொடுக்கும். வோட்டர் பம்பின் அடிப்புறத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு துவாரம் வைக்கப்பட்டிருக்கின்றது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துவாரத்தால் வரும், பம்ப் மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. சிலர் அந்தத் துவாரத்தையே பசை வைத்து அடைத்து விடுகின்றனர். பிறகு தண்ணீர் பெயாரிங்குக்குள் போய்ப் பம்ப் முழுதாக இறுகி விடும்.

ஈரம் தெரியும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. தண்ணீர் கீழ் நோக்கி வழியும், ஓடும் போது விசிறிக் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே நனைந்திருக்கும் பகுதிகளில் ஆக மேலே உள்ள, ஆக முன்னால் உள்ள இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெயும் தூசியும் படிந்திருந்தால் முதலில் கழுவித் துடைத்துக் காய வைக்க வேண்டும். அழுக்கின் மேல் தேடுபவர் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டார்.

சந்தைக்குச் சந்தை போய் உடுப்பு விற்கும் ஒரு தம்பியின் விடயத்தைச் சொல்கின்றேன். அவரிடம் இருப்பது 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பான கொரொல்லா வேகன். ஏற்றம் ஏறும் நாட்களில் அரை லீற்றர் அளவு குறைகின்றது, நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஒரு கராஜில் ரேடியேட்டர் மாற்றினார்கள். குறைந்தது. இன்னொரு கராஜில் வோட்டர் பம்ப் மாற்றினார்கள். மீண்டும் குறைந்தது. மூன்றாவதாக ஒருவர், ‘நிலத்தில் சொட்டவில்லை என்றால் எஞ்சினுக்குள்தான் போகின்றது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்’ என்று சொல்லியிருக்கின்றார். அதற்கான கெஸ்கட் செட்டை வாங்கத்தான் தம்பி எனது கடைக்கு வந்தார். பெருநாள் வியாபாரத்துக்குச் சாமான் எடுக்க வைத்திருந்த பணம் அது என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

“வண்டிய நிப்பாட்டினதும் ஏதாவது மணம் வருதா?” என்று கேட்டேன்.

“பாணி காய்ச்சுற மாதிரி ஒரு மணம் வரும் நானா. கொஞ்ச நேரத்தில இல்லாமப் போயிரும்.”

“புகை?”

“புகை ஒண்டுமில்ல.”

வெளியே பாணி மணம் வருகின்றது, புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. அப்படியென்றால் கூலன்ட் வெளியேதான் ஏதோ ஒரு சூடான உலோகத்தின் மேல் விழுந்து காய்கின்றது. கெஸ்கட் செட்டை எடுத்துக் கொடுக்காமல், அழுத்தச் சோதனைப் பம்ப் வைத்திருக்கும் ஒரு பாஸிடம் அவரை அனுப்பினேன். பைசிக்கிளுக்குக் காற்று அடிக்கும் கைப்பம்ப் போன்ற ஒரு சாதனம் அது, ஒரு மீட்டரும் உண்டு. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் பொருத்தி, மூடியில் உள்ள இலக்கத்தின் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும் போதே ஏற்றத்தில் ஓடும் நிலையை இது உண்டாக்கி விடும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் நிதானமாகத் தேடலாம்.

அவர் 0.9 வரை ஏற்றினார். முள் மெதுவாக இறங்கத் தொடங்கியது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால், டாஷ்போர்ட் பக்கச் சுவரோடு ஒட்டிய இடைவெளியில் விட்டு டோர்ச் அடித்தார். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று, கிளிப் போட்ட இடத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழே கியர்பொக்ஸின் மேற்புறத்தில் வெள்ளைப் படிவு. அங்கே விழுகின்ற துளி சூட்டிலும் காற்றிலும் நிலத்தை அடைய முன் காய்ந்து விட்டிருக்கின்றது. எமது நாட்டில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆனாலும் அந்த ஹோஸ்களில் எந்நேரமும் சூடான தண்ணீர் இருக்கின்றது என்பது பலருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை.

நல்ல பாஸ் அத்தோடு நிற்கவில்லை. ஹோஸைக் கழற்றி விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் உறுதியாக இருக்க, ஒழுகிய பக்கம் மட்டும் ஊறிப்போய்ப் பஞ்சு போல இருந்தது. தண்ணீருக்கென்று செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்தால், டெப்பட் கவர் பெக்கிங் இறுகிக் காய்ந்து, பின் மூலையால் எஞ்சின் ஒயில் கசிந்து நேராக அந்த ஹோஸின் மேல் வடிகின்றது. ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு வருடத்தில் புதியதும் இப்படியே ஆகியிருக்கும். கூலன்ட் ஒழுகியதற்கான காரணம் ஓர் எண்ணெய்க் கசிவு. முன்னைய கராஜ்களில் எவரும் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை.

தம்பி என்னிடம் வாங்கியது இரண்டு அடி ஹீட்டர் ஹோஸ், நாலு கிளிப், ஒரு டெப்பட் கவர் பெக்கிங், கூலன்ட். எல்லாம் சேர்த்து, முன்னர் மாற்றிய ரேடியேட்டரின் விலையில் கால்வாசி கூட வரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை வெட்டிப் போடுபவர்களும் இருக்கின்றார்கள். அது சூட்டில் இளகி வெடிக்கும், ஹீட்டர் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினுக்குள் போகும் தண்ணீர்

ஹெட் கெஸ்கட் பழுதாகி எஞ்சினுக்குள் தண்ணீர் போவதும் உண்மையில் நடக்கின்ற ஒன்றுதான். ஆனால் அதைக் கழற்றிப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள், இன்னும் சூடேறாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினால் எரிவாயு தண்ணீருக்குள் வருகின்றது என்று சந்தேகிக்கலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வரும். எஞ்சின் சூடேறிய பின்பும் இனிப்பு மணத்துடன் வெள்ளைப் புகை போகும். பெற்றோல் எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருக்கும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்று படிவதும் ஓர் அடையாளம். என்றாலும் கிட்டிய தூரம் மட்டும் ஓடும் வாகனங்களில் வெறும் ஈரத்தாலும் அது வரும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இதற்கென ஒரு நீல நிறத் திரவச் சோதனையும் உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அங்குள்ள காற்றை அந்தத் திரவத்துக்கூடாக இழுப்பார்கள். எரிவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலைதான். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். தண்ணீர் குறைந்த நிலையில் சூடேற்றி ஓட்டியவர்களுக்கே பெரும்பாலும் இந்த நிலை வருகின்றது. டவுன்ஏஸ் போன்ற வாகனங்களில் வந்த டூ-சி டீசல் எஞ்சின்களின் ஹெட் சூட்டில் வெடிக்கும் என்பது தொழிலில் உள்ள யாவரும் அறிந்ததே. ஹீட் முள் ஏறுவதைக் கண்டால் ஏசியை நிறுத்தி, வாகனத்தை ஓரங்கட்டி, தானாக ஆற விட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது ஹெட்டை வளைத்து விடும்.

வெளியே ஒன்றும் தெரியாத வேறு இடங்களும் உள்ளன. இடது ஆசனத்தின் கீழ்க் காப்பெட் ஈரமாகி, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டம் படிந்தால் உள்ளே ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் ஒழுகுகின்றது. எஞ்சின் புளொக்கின் பக்கங்களில் வட்டமாக அடித்திருக்கும் வெல்ஷ் பிளக்குகள், பச்சைத் தண்ணீர் ஊற்றிய வாகனங்களில் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துவாரம் விழும். ஓட்டோ கியர் வாகனங்களில் கியர் ஒயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே இருப்பதுண்டு. ரேடியேட்டரில் இளஞ்சிவப்புப் பால் போல ஏதேனும் தெரிந்தால் அந்த வாகனத்தை மேலும் ஓட்டவே வேண்டாம், கியர்பொக்ஸும் சேர்ந்து போய்விடும். இவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் கூலன்டோடு கலக்கும் ஒளிரும் சாயம் உண்டு. இரண்டு நாள் ஓடிய பின் நீல ஒளி டோர்ச் அடித்தால் ஒழுகிய வழி பளிச்சென்று தெரியும்.

பார்த்ததற்குக் காசு

இப்படிக் கண்டுபிடிக்கும் முறைகள் இருக்கும் போது எமது கராஜ்களில் ஏன் ஊகத்தில் சாமான் மாற்றுகின்றார்கள்? குற்றத்தில் பாதி எமது பக்கமே இருக்கின்றது. ஒரு பாஸ் ஒரு மணித்தியாலம் குனிந்து நின்று தேடி, ‘இந்தக் கிளிப்தான்’ என்று சொன்னால், ‘கிளிப் ஒண்டுக்கு இவ்வளவா? சும்மா பார்த்ததுக்குக் காசா?’ என்று பேரம் பேசுகின்றோம். அதே பாஸ் தேடாமல் ரேடியேட்டரை மாற்றினால் கூலியைக் கேள்வி கேட்காமல் கொடுக்கின்றோம். சாமான் மாற்றினால்தான் காசு என்றால் அவர் சாமானைத்தான் மாற்றுவார். அவருக்கும் குடும்பம் இருக்கின்றது. சோதனைப் பம்புக்கும் சாயத்துக்கும் முதல் போட்டவர் அதை உழைத்து எடுக்க வேண்டாமா?

ஆகவே வாகனத்தைக் கொடுக்கும் போதே, ‘பாஸ், லீக் எங்க எண்டு முதல்ல தேடிச் சொல்லுங்க, தேடுற கூலிய நான் தனியாத் தாறன். என்னக் கேக்காம ஒண்டும் மாத்த வேணாம்’ என்று பேசிக்கொள்ளுங்கள். அழுத்தச் சோதனை செய்யும் போது கூட இருந்து முள்ளைப் பாருங்கள். வேலை முடிந்த பிறகும் ஒருமுறை அழுத்தம் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொதியைப் பிரித்த கெஸ்கட் செட்டைத் திருப்பி எடுக்க முடியாது, பூட்டிப் பார்த்த பம்பைத் திருப்பி எடுக்க முடியாது. பிரிக்க முன் நாம் கேட்கும் இரண்டு கேள்விகள் அந்தச் சண்டையைத் தவிர்க்கும். எங்கள் பகுதியில் இரண்டு மூன்று கராஜ்காரர்கள் சேர்ந்து ஒரு சோதனைப் பம்ப் வாங்கி மாறி மாறிப் பாவிக்கின்றார்கள். ஏனைய ஊர்களிலும் செய்யக்கூடிய காரியம்.

ஒழுக்கை அடைக்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்கின்றார்கள். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது எமது பழைய சாரதிகளின் கைவைத்தியம். கடைகளில் போத்தலில் விற்கும் மருந்தும் அதே வேலையைத்தான் செய்கின்றது. நடுக்காட்டில் நின்று விட்டால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் துவாரத்தை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதால், வந்து சேர்ந்ததும் கழுவி எடுத்து முறையாகத் திருத்த வேண்டும். இந்த மருந்தை ஊற்றி ஒழுக்கை மறைத்து, ‘ஒரு குறையுமில்லாத வண்டி’ என்று விற்பவர்களும் இருக்கின்றார்கள். குறையை மறைத்து விற்பது எமக்கு ஆகுமானதல்ல என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாங்குபவர்கள், ஆறிய எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். மணல் போன்றோ பசை போன்றோ விரலில் ஒட்டினால் விலை பேச முன்னர் அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே வழக்கமாகி விட்டது. ‘எங்கட நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்ல’ என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். உங்கள் வாகனத்தில் இருக்கின்றதா என்று கேட்டுப் பாருங்கள்.

திருத்திய பின் மீண்டும் நிரப்பும் போது, அந்த வாகனத்துக்கு உற்பத்தியாளர் சொன்ன கூலன்ட் வகையையே பாவிக்க வேண்டும். அடர்த்தியான கூலன்ட் என்றால் போத்தலில் எழுதியுள்ள அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீரோடு கலக்க வேண்டும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் இதற்கு நல்லது, பற்றரி அசிட் அல்ல. பச்சையையும் சிவப்பையும் ஒன்றாக ஊற்ற வேண்டாம். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும், இறங்க இறங்க நிரப்பி, மட்டம் நிலைத்ததும் மூட வேண்டும். சிக்கிய காற்று அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் கொஞ்சம் வெளியேறலாம் என்பதால், அந்த நாட்களில் சிறிதளவு குறைந்தால் உடனே கராஜுக்கு ஓட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும் போது, ரிசர்வ் போத்தலின் வெளியே தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டித் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே போலக் காலையில் பார்க்கும் போது தண்ணீர் அந்த டேப்பிலேயே நிற்க வேண்டும்.